சோரியாஸிஸ் நோயும் மேற்பூச்சு மருந்துகளும்

அரசாங்க மருத்துவமனை ஒன்றின் சருமப் பிரிவிலிருந்து முதன்முறையாகச் சீட்டுடன் வெளிவரும் சோரியாஸிஸ் நோயாளியின் கையில் பெரும்பாலும் இரண்டு மூன்று பொருள்கள் இருக்கும்: சிறு குழாயில் ஒரு களிம்பு, வாஸ்லின் போன்ற ஒரு மெழுகுப் பூச்சு, தலைக்கு ஒரு லோஷன். "இது தொற்றாது, முற்றிலும் போய்விடும் என்றும் சொல்வதற்கில்லை, பூசி வாருங்கள், ஒரு மாதம் கழித்து வந்து காட்டுங்கள்" என்பதற்கு மேல் பேச மருத்துவருக்கு நேரம் இருந்திராது. வெளியே வரிசை நீண்டிருக்கும். எவ்வளவு பூசுவது, எங்கே பூசலாகாது, எப்படி நிறுத்துவது என்னும் மூன்று கேள்விகளும் விடையின்றியே நோயாளியுடன் வீடு செல்கின்றன. மருந்து பலிப்பதும் தீமையாய் முடிவதும் பெரும்பாலும் இம்மூன்றையே பொறுத்தவை. ஆதலால் அவற்றைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது.

நம் சருமத்தின் மேலடுக்கு இடைவிடாது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அதன் அடித்தளத்தில் தோன்றும் உயிரணு படிப்படியாக மேலே ஏறி, தட்டையாகி, உயிரற்ற செதிலாக உதிர்வதற்குச் சாதாரணமாக ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகின்றன. சோரியாஸிஸ் கண்ட இடத்தில் இப்பயணம் மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிர்ச்சியடையாத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதால்தான் அங்கே தடிப்பும், வெள்ளி நிறச் செதில்களும் காணப்படுகின்றன. இந்த அவசரத்திற்குக் காரணம் சருமம் அன்று. உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் ஒரு வகை, பகை ஏதுமில்லாதபோதும் போர் முரசு கொட்டுவதே காரணம். இதற்கான இயல்பு பரம்பரையாக வரக்கூடும்; தொண்டைப் புண், காயம், மனக்கவலை, சில மருந்துகள் முதலியன அதைத் தூண்டிவிடக்கூடும். கிருமி எதுவும் இதில் இல்லை. இரத்தம் கெட்டுவிட்டது என்பதும், கத்திரிக்காய் உண்டதால் வந்தது என்பதும் வெறும் செவிவழிச் செய்திகளே.

செவிவழிச் செய்திகளுள் மிகக் கொடியது, இந்நோயைத் தொழுநோயுடன் ஒன்றாக எண்ணுவதாகும். இம்மயக்கம் பாமரரிடையே மட்டும் இருந்ததன்று. 1808-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ராபர்ட் வில்லன் இந்நோயின் தோற்றத்தைத் தெளிவாக விவரித்தார். ஆனால் தொழுநோய்க்கு வழங்கிய பழம் பெயரையே இதற்கும் இட்டார். 1841-இல் வியன்னா நகரின் ஹெப்ரா இரண்டையும் பிரித்துக் காட்டிய பின்னரே மருத்துவ உலகில் இக்குழப்பம் நீங்கிற்று. பந்தியில் தனித்து உட்காரவைக்கப்படுபவருக்கும், முடி திருத்துபவரால் திருப்பி அனுப்பப்படுபவருக்கும் அது இன்றும் நீங்கியபாடில்லை. தொழுநோய்ப் படைகளில் பெரும்பாலும் தொடு உணர்ச்சி குன்றியிருக்கும். சோரியாஸிஸ் தடிப்பிலோ உணர்ச்சி முழுமையாக இருக்கும், அரிப்பும் இருக்கலாம். ஐயமிருப்பின் மருத்துவரே பரிசோதித்துத் தெளிவுபடுத்துவார். ஒரே துவாலையைப் பயன்படுத்தினாலும், ஒரே பாயில் படுத்தாலும் சோரியாஸிஸ் பரவுவதில்லை. இந்நோயாளிகள் படும் இழிவைக் களைய வேண்டுமென 2014-இல் உலக சுகாதார சபை ஒரு தீர்மானமே நிறைவேற்ற வேண்டியிருந்தது.

இனி சிகிச்சைக்கு வருவோம். எல்லா நோயாளிகளுக்கும் மேற்பூச்சு மட்டும் போதாது. விரல்களுடன் சேர்த்த ஒருவரது உள்ளங்கை, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு எனக் கொள்வர். தடிப்புகள் எல்லாம் சேர்ந்து பத்து உள்ளங்கைகளுக்குள் அடங்கி, மூட்டுகளில் நோவு இல்லாதிருப்பின், பூச்சு மருந்துகளைக் கொண்டே தொடங்குவது வழக்கம். அதற்கு மேற்பட்டால் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையோ, உட்கொள்ளும் மருந்துகளோ தேவைப்படும். அப்போதும் பூச்சு கைவிடப்படுவதில்லை.

பூச்சுகளுள் முதலிடம் பெற வேண்டியது, நோயாளிகள் மருந்தென்றே மதிக்காத மெழுகுப் பூச்சாகும். வெண்பாரஃபின், வாஸ்லின், எளியோர் வீட்டில் தேங்காய் எண்ணெய் ஆகியவை சருமத்திலுள்ள ஈரத்தைக் காத்து, செதிலை மென்மையாக்கி, அரிப்பைத் தணிக்கின்றன. பின்னர் இடப்படும் மருந்து உட்செல்லவும் வழி செய்கின்றன. குளித்துத் துடைத்த சில நிமிடங்களுக்குள், சருமம் முற்றும் உலருமுன், இதனைப் பூசுதல் நன்று. வட இந்தியாவின் குளிர்காலத்தில் நாளைக்கு மூன்று முறை பூசினாலும் மிகையன்று. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் கெட்டியான பூச்சு எரிச்சலூட்டுமாதலால், அங்கே பகலில் கிரீமும் இரவில் களிம்புமாக மாற்றிக் கொள்ளலாம். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். துவைத்தாலும் அது முழுமையாகப் போவதில்லை. அடுப்படியில் வேலை செய்பவரும், விளக்கருகே அமர்பவரும், புகை பிடிப்பவரும் இதனை மறக்கலாகாது.

செதில் கனமாக இருப்பின் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பால் அதை முதலில் கரைப்பர். நகத்தால் சுரண்டி எடுக்கும் பழக்கம் கூடாது. காயம்பட்ட இடத்திலேயே புதிய தடிப்பு தோன்றும் என்பதை ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் கெப்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு கூறினார். இறுகக் கட்டிய இடுப்பு நாடா உராயும் இடத்திலும் இவ்வாறே தடிப்பு எழக்கூடும். சாலிசிலிக் அமிலத்தைக் குழந்தைகளுக்கும், உடலின் பெரும் பரப்பிலும் தாமாகப் பூசுவது ஆபத்து. அது இரத்தத்தில் கலக்கக்கூடியது.

இந்நோய்க்கான பழைய மருந்துகளுள் ஒன்றின் பெயரில் நம் நாட்டு ஊர் ஒன்று இடம்பெற்றிருப்பதைப் பலர் அறியார். பிரேஸில் நாட்டின் பாஹியா மாகாணத்துக் காடுகளில் அராரோபா என்னும் மரத்தின் தண்டுப் பிளவுகளில் மஞ்சள் நிறப் பொடி ஒன்று படிந்திருக்கும். போர்த்துகீசியர் அதைத் தம் ஆட்சியிலிருந்த கோவாவுக்குக் கொணர்ந்தனர். அங்கிருந்து படர்தாமரைக்கு மருந்தாக "கோவாப் பொடி" என்ற பெயரில் அது ஆசியாவெங்கும் பரவியது. 1876-இல் லண்டன் சரும மருத்துவர் பால்மானோ ஸ்கொயர் ஒரு விந்தையைக் கண்டார். தமக்கு வந்திருப்பது படர்தாமரை என்றெண்ணி இப்பொடியைப் பூசிக்கொண்ட நோயாளி ஒருவரின் தடிப்புகள் மறைந்துவிட்டன. உண்மையில் அவை சோரியாஸிஸ் தடிப்புகள். முதல் உலகப் போரின்போது பிரேஸில் சரக்கு ஜெர்மனிக்குக் கிடைப்பது அரிதாகவே, 1916-இல் அதை ஒத்த டித்ரனால் அங்கே செயற்கையாக ஆக்கப்பட்டது. பலனில் குறையில்லாத மருந்துதான். ஆனால் சருமத்தில் எரிச்சல் உண்டாக்கும், துணியிலும் குளியலறைத் தரையிலும் ஊதாக் கறை படியவைக்கும். ஆதலால் அரை மணிக்கு மேற்படாமல் வைத்திருந்து கழுவிவிடும் முறை வகுக்கப்பட்டது. இன்று அது அருகியே வழங்குகிறது.

நிலக்கரித் தார் இன்னும் பழையது. 1925-இல் அமெரிக்க மருத்துவர் கெக்கர்மன், தார் பூசிய பின் புற ஊதாக் கதிர்களைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். 1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இங்கிராம் என்பவர் தார்க் குளியல், கதிர், டித்ரனால் ஆகிய மூன்றையும் இணைத்தார். நாற்றமும் கறையும் இருப்பினும், தலைச் சருமத்திற்குத் தார் கலந்த ஷாம்பு இன்றும் மலிவான துணையாகும். தார் வெயிலின் கடுமையைச் சருமத்தில் மிகுவிக்குமாதலால், அதைப் பூசிக்கொண்டு உச்சி வெயிலில் நடமாடலாகாது.

நோயாளியின் கையிலுள்ள சிறு குழாயில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஆகும். அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனைச் சார்ந்த இவ்வகையில் முதலாவதான ஹைட்ரோகார்ட்டிஸோன் 1952-இல் சருமப் பூச்சாகப் பலன் தருவது காட்டப்பட்டது. கரப்பான் போன்றவற்றில் அது அரிய பலன் தந்தது. சோரியாஸிஸில் அவ்வளவாக இல்லை. அதன் மூலக்கூறில் ஃபுளோரின் அணுவைச் சேர்த்தும் பிற மாறுதல்கள் செய்தும் வலிமை மிக்க மருந்துகள் பின்னர் ஆக்கப்பட்டன. இவற்றின் வலிமையை அளக்க 1962-இல் வகுக்கப்பட்ட சோதனை எளியது: மருந்து சருமத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி எவ்வளவு வெளுக்கச் செய்கிறது என்று பார்ப்பதே அது. அதன் வழியே இன்று ஸ்டீராய்டுப் பூச்சுகளை ஏழு படிகளாகப் பிரிக்கின்றனர். ஹைட்ரோகார்ட்டிஸோன் கடைசிப் படியிலும், குளோபெட்டசால் முதற்படியிலும் நிற்கின்றன. இரண்டும் ஒரே அளவுக் குழாயில், ஒரே வெண்மை நிறத்தில் கிடைப்பதுதான் சங்கடம்.

இங்கேதான் முதற்கேள்விக்கு விடை காணவேண்டும். எவ்வளவு பூசுவது? பிரிட்டிஷ் மருத்துவர்கள் வகுத்த "விரல் நுனி அளவு" இதற்குப் போதும். ஆட்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை களிம்பைப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களுடன் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது சரியான அளவு. முழங்கை, முழங்கால், முதுகின் கீழ்ப்பகுதி ஆகியவற்றிலுள்ள தடிப்புகள் ஒருவருக்கு எட்டு உள்ளங்கை அளவு எனக் கொள்வோம். ஒரு வேளைக்கு நான்கு விரல் நுனிகள், அதாவது 2 கிராம் வேண்டும். நாளைக்கு ஒரு முறை பூசினால் வாரத்திற்கு 14 கிராம் ஆகும்; 30 கிராம் குழாய் இரண்டு வாரங்களுக்குச் சற்றே மேல் வரும். அதே குழாயை ஆறு மாதம் வைத்திருந்து "மருந்து பலிக்கவில்லை" என்று சொல்பவர் உண்மையில் மருந்தைப் பயன்படுத்தவே இல்லை. மாறாக, வாரம் இரண்டு குழாய் தீர்ப்பவர் வேறோர் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். குளோபெட்டசால் போன்ற முதற்படி மருந்தை வாரத்திற்கு 50 கிராமுக்கு மேற்படாமலும், மருத்துவர் வேறு விதமாகப் பணித்தாலன்றித் தொடர்ச்சியாக இரண்டு வாரங்களுக்கு மேற்படாமலும் பயன்படுத்துவதே முறை.

எங்கே பூசலாகாது என்பது இரண்டாவது. உள்ளங்கை, பாதம் ஆகியவற்றின் தடித்த தோலில் வலிய மருந்தும் மெல்லவே ஊடுருவும். முகம், அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு ஆகியவற்றிலோ அது விரைந்து உட்செல்லும். அங்கே வலிய ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் காகிதம்போல் மெலியும். சிவந்த நரம்புக் கோடுகள் தோன்றும். மடிப்புகளில் வெடித்தாற்போன்ற தழும்புகள் விழும். இத்தழும்புகள் மருந்தை நிறுத்திய பின்னும் மறைவதில்லை. இமைகளின் மேல் பூசினால் கண்ணின் அழுத்தம் உயரவும், கண்புரை உண்டாகவும் இடமுண்டு. ஆகையால் இவ்விடங்களில் மெல்லிய ஸ்டீராய்டைச் சில நாட்கள் மட்டுமோ, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பையோ மருத்துவர்கள் எழுதுகின்றனர். முழங்காலுக்குக் கொடுத்த மருந்தை நோயாளி தாமாகவே முகத்திற்கும் பூசிக்கொள்வது நாள்தோறும் நடக்கும் பிழை.

ஸ்டீராய்டுக்குத் துணையாகவும், நாளடைவில் அதன் இடத்தைப் பிடிக்கவும் வல்லது வைட்டமின் டி இனத்தைச் சேர்ந்த கால்ஸிபொட்ரியால். எலும்பு நலிவுக்காக இவ்வைட்டமின் வகை ஒன்றை உட்கொண்டுவந்த நோயாளி ஒருவரின் சோரியாஸிஸ் தணிந்ததை 1985-இல் ஜப்பானின் ஒஸாக்கா மருத்துவர்கள் அறிவித்ததே இதன் தொடக்கம். உயிரணுக்களின் அவசரத்தை இது தணிக்கிறது. தோலை மெலியச் செய்வதில்லை. ஆனால் இதன் வேகம் குறைவு. முழுப் பலன் காண ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். முதல் நாட்களில் சிறிது எரிச்சலும் தோன்றலாம். இரு வாரத்திலேயே நம்பிக்கையிழந்து விட்டுவிடுவோர் பலர். பெரியவர்களுக்கு வாரம் 100 கிராம் என்பது இதன் உச்ச அளவு. அதற்கு மேல் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகக்கூடும். சாலிசிலிக் அமிலம் இதன் ஆற்றலை அழித்துவிடுவதால் இரண்டையும் ஒரே இடத்தில் ஒருசேரப் பூசலாகாது. இதனையும் பீட்டாமெதஸோன் ஸ்டீராய்டையும் சேர்த்துச் செய்த கூட்டுக் களிம்பு, தனித்தனியே பூசுவதைவிட நல்ல பலன் தருகிறது. விலைதான் சற்று மிகுதி.

மருந்து பலிக்கும்போது முதலில் செதில் குறையும், பின் தடிப்பு அமுங்கும், கடைசியில் நிறம் மாறும். நம் மாநிறச் சருமத்தில் இந்நிற மாற்றம் ஒரு தனிச் சிக்கலாகும். தடிப்பு முற்றும் மறைந்த பின்னரும் அவ்விடம் பல மாதங்கள் கறுத்தோ வெளுத்தோ நிற்கும். இது நோயன்று, நோய் இருந்ததன் சுவடு. கண்ணால் பார்ப்பவர் இதையே நோயென்றெண்ணி மேலும் மேலும் ஸ்டீராய்டைத் தேய்க்கிறார். விரலால் தடவிப் பார்த்தால் உண்மை தெரியும்: மேடும் சொரசொரப்பும் இல்லையெனில் நாள்தோறும் அங்கே ஸ்டீராய்டு பூசவேண்டியதில்லை. கறை தானே மெல்ல மறையும்.

மூன்றாவது கேள்வி நிறுத்துவது பற்றியது. வலிய ஸ்டீராய்டை நெடுநாள் பெரும்பரப்பில் பூசிவந்து திடீரென விட்டால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். சிலருக்கு உடலெங்கும் சீழ்க்கொப்புளங்கள் தோன்றிக் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர வேண்டியதாகிறது. ஆதலால் நாள்தோறும் பூசுவதை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, பின் வாரத்தில் இரண்டு நாட்களாகக் குறைத்து, ஏனைய நாட்களில் கால்ஸிபொட்ரியாலோ மெழுகுப் பூச்சோ இடுவது நல்ல முறை. தடிப்புகள் வழக்கமாகத் திரும்பும் இடங்களில் இந்த வாரம் இருமுறைப் பூச்சைத் தொடர்ந்தால் நோய் திரும்புவது தள்ளிப்போகிறது.

கோவாப் பொடியின் கதை தலைகீழாகத் திரும்புவதை இன்று நம் நாட்டு மருந்துக் கடைகளில் காணலாம். அன்று படர்தாமரை மருந்து சோரியாஸிஸுக்குத் தவறிப் பூசப்பட்டு நன்மை விளைந்தது. இன்றோ சோரியாஸிஸுக்கு உரிய குளோபெட்டசாலைப் பூஞ்சைக்கொல்லியுடனும் கிருமிக்கொல்லியுடனும் கலந்த களிம்புகள், கேட்டவருக்கெல்லாம் படர்தாமரைக்கென விற்கப்பட்டு வந்துள்ளன. அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். பூஞ்சையோ காவலற்ற தோலில் தடையின்றிப் படரும். முகம் வெளுக்கவென்று அதே களிம்பைப் பூசியவர்களும் உளர். சரும மருத்துவர்களின் நெடுநாள் முறையீட்டிற்குப் பின், 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணையின்கீழ்க் கொண்டுவந்தது. விதி நன்று, கடை மேடையில் அது காக்கப்படுவது வாங்குபவரின் கையிலும் இருக்கிறது. சோரியாஸிஸ் என்று உறுதி செய்யப்பட்டவர் தம் குழாயை அண்டை வீட்டாரின் அரிப்புக்குக் கொடுப்பதும் இதே தவறுதான்.

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படும் இந்நோய்க்கு வெட்பாலைத் தைலம் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதை விரும்புவோர் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் பெறுவதும், நடைபெறும் சிகிச்சையை இருவரிடமும் மறையாது கூறுவதும் நன்று. பெயரற்ற டப்பாவில் வரும், "ஒரே வாரத்தில் வேரோடு ஒழியும்" என்ற விளம்பரக் களிம்புகள் வேறு இனம். இத்தகையவற்றைச் சோதித்தபோது உள்ளே வலிய ஸ்டீராய்டு கலந்திருந்தது தெரியவந்ததுண்டு.

பூச்சு ஒழுங்காக நடந்தும் நோய் மிகுமாயின், வேறு தூண்டுதல் உண்டா என்று ஆராய வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் இருதயத்திற்கும் தரப்படும் சில பீட்டா தடுப்பு மருந்துகள், மனநோய்க்கான லித்தியம், மலேரியாவுக்கான குளோரோகுயின் ஆகியவை இந்நோயை மிகுவிக்கக்கூடும். இவற்றை நோயாளி தாமாக நிறுத்தலாகாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் தெரிவித்து மாற்று உண்டா என்று கேட்க வேண்டும். குடியும் புகையும் இதற்குப் பகை என்பது தெளிவு. சிறுவர்களுக்குத் தொண்டைப் புண் வந்த இரண்டு மூன்று வாரத்தில் மழைத்துளிபோல் சிறு தடிப்புகள் உடலெங்கும் தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கும்.

ஒரு மாதம் கழித்து மருத்துவரிடம் மீளும்போது காலிக் குழாய்களை எறியாது உடன்கொண்டு செல்வது நலம். எத்தனை கிராம் செலவாயிற்று என்பதை ஒரு பார்வையில் கண்டு, மருந்து போதாதா, பூசியது போதாதா என்று அவர் தீர்மானிப்பார். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் அரைமணிக்கு மேல் விறைத்திருத்தல், ஒரு விரல் முழுதும் வீங்குதல், குதிகால் நோவு, நகங்களில் ஊசி குத்தினாற்போன்ற குழிகள் ஆகியவற்றைக் கண்டால் கேளாமலே சொல்ல வேண்டும். சோரியாஸிஸ் மூட்டுகளையும் தாக்கக்கூடியது. மூட்டில் ஏற்படும் சேதத்தை எந்தக் களிம்பும் தடுப்பதில்லை. உடலெங்கும் சிவந்து குளிர் நடுக்கம் கண்டாலோ, சீழ்க்கொப்புளங்கள் எழுந்தாலோ, குறித்த நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.